ஜெபத்தில் வைத்திருக்கிறேன்

பெங்களூரில் குழி இல்லாத தெருவை யாராவது காட்டினால், இந்த இனம் இல்லாத ஆபீசை நான் காட்டுகிறேன். இவருக்கு ஜெபத்தில் வைப்பவர் என்று பெயர். பார்த்தால் அடையாளம் தெரியாது. பேசினாலும் தெரியாது. ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதுவும் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிந்துபோகிற சின்னக் கேள்வியாக இருக்க வேண்டும். உடனே அவர் உங்களை அன்போடு பார்ப்பார். நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் மேஜைமேல் கோத்து, கண்ணை மூடுவார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, மேலே ஒரு நடை போய்விட்டு வந்தவரைப்போல மெதுவாகச் சொல்வார்: "ஜெபத்துல வைப்போம்."

அவ்வளவுதான். உங்கள் கேள்வி வைக்கப்பட்டுவிட்டது. எங்கே வைத்தார், எந்த அலமாரியில் வைத்தார், எப்போது எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. வைத்தவருக்கும் தெரியாது.

நான் ஜெபத்தைக் கேலி செய்வதாக நினைத்து யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம். கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் இறங்கும் அப்பாவுக்காக முழங்காலில் நின்று வளர்ந்தவன் நான். ஆனால் என் அப்பா ஜெபம் பண்ணிவிட்டு இறங்கினார். ஜெபம் பண்ணுகிறேன் பேர்வழி என்று மேலேயே உட்கார்ந்திருக்கவில்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஏழாம் வகுப்பு போதும். எனக்குப் படிப்பு அதோடு சரி. நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்காகப் பள்ளிக்கூடம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் வருத்தப்படவில்லை.

பெங்களூருக்கு வந்து சாமியானா கம்பெனியில் மூங்கில் தூக்கினேன், நாற்காலி துடைத்தேன், லாரிமேல் நாற்காலிக் குவியலில் படுத்துத் தூங்கினேன். இன்று நீலசந்திராவிலிருந்து வைட்ஃபீல்ட் வரை கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, அபார்ட்மெண்ட்காரர்களின் ஆட்டம் பாட்டமோ, ஜனங்கள் உட்காருவது இந்த தாஸின் நாற்காலியில்தான். மந்திரியும் உட்கார்ந்திருக்கிறார், மந்திரியைத் திட்ட வந்தவரும் உட்கார்ந்திருக்கிறார். இது எப்படி ஆயிற்று? ஒருவர் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்நூறு நாற்காலி இருக்கிறதா என்று கேட்டால், அவர் மூச்சு விடுவதற்குள் இருக்கிறது என்பேன், அல்லது இல்லை என்பேன். ஜெபத்தில் வைக்கிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேர் நிற்பார்கள்.

சரி, மாதிரிக்கு வருகிறேன். இந்த இனத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குற்றம் குறை சொல்ல முடியாத முழு மாதிரியை ஒரு கல்லூரியில்தான் பார்த்தேன். சின்ன கிறிஸ்தவக் கல்லூரி, பெயர் வேண்டாம். கல்லில் கட்டிய ஒரு சேப்பல், அதைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்கள், மரத்தடியில் கிடார், கிடாருக்குப் பக்கத்தில் தாடி. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்கிறார்கள். அங்கே பொருளாதாரம் படிக்கிற பிள்ளை நாடகமும் படிக்கும், உளவியல் படிக்கிற பிள்ளை மண்பானையும் செய்யும். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் என்ன என்று ஒருநாள் நான் கேட்டேன். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஐந்திலும் 'முழுமையான மனிதன்' என்ற வார்த்தை இருந்தது. அந்த மனிதனை இன்றுவரை நான் அங்கே பார்க்கவில்லை.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். சேப்பலுக்குக் கூரை ஒழுகியது. கூரைக்காகக் கல்லூரிக் கவுன்சிலில் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மழைக்காலம் தொடங்குமுன் ஆளை ஏற்றிக் கூரையை மாற்றிக் கொடுத்தேன். அதற்காக என்னையும் கவுன்சிலில் ஓர் உறுப்பினராகப் போட்டார்கள். என் அறிவுக்காகப் போட்டார்கள் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. அறிவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அதைத் தரையில் இறக்கி வைக்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் கல்லூரியின் டீன்தான் நம்முடைய மாதிரி. டாக்டர் சாமுவேல் குணசேகர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மூடி கழற்றாத பேனா, முகத்தில் எந்நேரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் பட்டம் எதில் வாங்கினார் என்று விசாரித்தேன். ஒழுக்கவியலில், மனிதன் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறான் என்பதைப் பற்றியாம். அதை எழுதி முடிக்க அரை ஆயுள் ஆயிற்றாம். நம்புகிறேன்.

அவர் ஜெபத்தில் வைத்தவற்றைச் சேர்த்தால் தனியாக ஒரு கட்டடம் வேண்டும். நூலகத்தில் ஒரு மின்விசிறி ஓடவில்லை என்று பிள்ளைகள் போனார்கள், ஜெபத்தில் வைத்தார். டிசம்பர் வந்தது, குளிர் வந்தது, காற்றே வேண்டாம் என்று பிள்ளைகள் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஜெபம் கேட்கப்பட்டது என்று டீன் ஸ்தோத்திரம் சொன்னார். ஒரு ஆசிரியை தன் கல்யாணத்துக்கு லீவு கேட்டார். கல்யாணம் முடிந்தது, ஊட்டி போய் வந்தாயிற்று, வீட்டில் நல்ல செய்தியும் வந்துவிட்டது. லீவு மட்டும் இன்னும் ஜெபத்தில் இருந்தது. தேர்வு அட்டவணையில் ஒரே நேரத்தில் இரண்டு பரீட்சை விழுந்தபோதும் கண்ணை மூடினார். திறந்தபோது அந்த இரண்டு பரீட்சையும் அப்படியேதான் இருந்தன.

எல்லாவற்றுக்கும் இப்படியா? அதுதான் இல்லை. மத்தியானம் பிரியாணியா மீல்ஸா என்று கேட்டுப் பாருங்கள். கண் திறந்தபடியே இருக்கும். வெளிநாட்டில் மாநாடு என்று அழைப்பு வந்தால், அழைப்பு வந்த சாயங்காலமே பாஸ்போர்ட் மேஜைமேல் இருக்கும். ஆண்டவரை அவர் தொந்தரவு செய்வது அடுத்தவர் காரியத்துக்கு மட்டும்தான்.

இதில் உள்ள சூட்சுமம் உங்களுக்குப் புரிகிறதா? இல்லை என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடும். ஆம் என்று சொன்னால் நாளைக்கு நிர்வாகத்தில் மேலே இருப்பவர் எதற்காகச் சொன்னாய் என்று கேட்பார். இரண்டுக்கும் நடுவில் ஆண்டவர் இருக்கிறார். அவர்மேல் சாய்ந்துகொள்ளலாம், அவர் பெயரில் தள்ளிப்போடலாம், அவர் இறங்கி வந்து, குணசேகர், என் பெயரை எதற்கு இழுத்தாய் என்று ஒருநாளும் கேட்கப்போவதில்லை. பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட வசதியான மேலதிகாரி எங்கே கிடைப்பார்?

இப்படிப்பட்டவரிடம்தான் யூனிஸ் ஒரு கேள்வி கேட்டாள்.

யூனிஸ் எங்கள் தங்கவயல் பெண். கடைசி வருஷம், கடைசி செமஸ்டர். அவளுடைய அம்மா சின்னத்தாய் தையல் வேலை செய்கிறாள். மூச்சிரைப்புக்காரி, இரவில் கூட ஓர் ஆள் வேண்டும். அதனால் யூனிஸ் ஹாஸ்டலில் தங்காமல், தினமும் இருட்டோடு எழுந்து ரயில் பிடித்து வந்துகொண்டிருந்தாள். அந்த ரயிலைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். கே.ஆர். புரம் வரைக்கும் ரயில் மாதிரி வரும். அதற்குப் பிறகு ஏதாவது எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, வெளியே தலையை நீட்டினால் காலேஜ் தெரிகிற தூரத்தில், அசையாமல் நிற்கும்.

கல்லூரியில் காலையில் முதலில் சேப்பல். பாட்டு, வசனம், ஜெபம். அதற்கு அட்டெண்டன்ஸ் உண்டு. வகுப்பைப்போலவே அதிலும் முக்கால் பங்கு வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். யூனிஸ் எந்த வகுப்பையும் தவறவிட்டதில்லை. சேப்பலைத்தான் ரயில் தின்றுகொண்டிருந்தது. விதியில் இதற்கு வழி இருந்தது. தகுந்த காரணம் இருந்தால் டீன் விலக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரி. அந்த வரியைப் போடச் சொன்னவன் நான்தான். கவுன்சிலில் எல்லாரும் ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்தபோது, ரயிலில் வருகிற பிள்ளைகள் என்ன செய்யும் என்று தமிழில் கேட்டேன். போட்டார்கள்.

ஜனவரியிலேயே யூனிஸ் டீன் அறைக்குப் போனாள். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் டிகிரி கையில் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. ரயிலைச் சொன்னாள், அம்மாவைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். விலக்குக் கிடைக்காது என்றால் நீலசந்திராவில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, அம்மாவுக்கு வேறு ஏற்பாடு செய்வதாகவும் சொன்னாள். எவ்வளவு தெளிவு பாருங்கள். கேட்டதிலேயே பதில் இருந்தது. ஆம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் ஒரு வழி. வாயைத் திறப்பதுதான் டீனுடைய வேலை.

அவர் கண்ணை மூடினார்.

"கவலப்படாதம்மா யூனிஸ். ஜெபத்துல வைப்போம்."

இங்கேதான் அந்தப் பெண் ஒரு தப்புச் செய்தாள். சபைப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வேறு யாராக இருந்தாலும் பேச்சு பிடிகொடுக்கவில்லையே என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். யூனிஸோ, ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள். ஜெபத்தில் வைத்தால் கிடைக்கும் என்று பாலோடு கேட்டவள். அவர் சரி என்று சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, தேங்க்யூ சார் என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். சின்னத்தாய் அன்றைக்கே மாவு கரைத்து அச்சு முறுக்கு சுட்டு டப்பா நிறைய அனுப்பினாள். டீன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? எதற்கு என்று கேட்கவில்லை. தான் செய்யாத உதவிக்கு வந்த நன்றியை, டீயில் தோய்த்துச் சாப்பிட்டார்.

சின்னத்தாய் எனக்கும் போன் செய்தாள்.

"அண்ணே, உங்க டீன் தங்கமானவருண்ணே. கேட்ட ஒடனே ஒத்துக்கினாரு."

என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டேன். சொன்னாள்.

"சின்னத்தாயி, அது ஒத்துக்கினது இல்லம்மா. அவரு எல்லாத்துக்கும் அதையேதான் சொல்றாரு. போய் எழுதி வாங்கச் சொல்லு."

"இன்னாண்ணே நீங்க? அவ்ளோ படிச்சவரு, தேவ மனுஷன், கண்ண மூடிச் சொன்னாராம். நாற்காலி யாவாரத்துலயே இருந்து உங்களுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்."

போனை வைத்துவிட்டாள். ஏழாம் வகுப்பு சொன்னால் யார் கேட்கிறார்கள்?

யூனிஸ் சித்தி வீட்டுக்குப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? அவள்தான் விலக்குப் பெற்றவள் ஆயிற்றே! ரயில் எத்தனை நேரம் நின்றாலும் பதறாமல் ஜன்னலோரத்தில் படித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பக்கம் டீனும் சும்மா இருக்கவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர் அவர். சேப்பலில் மேடையேறி, நம் சகோதரி யூனிஸ் காலை ஆராதனைக்கு நேரத்தோடு வந்து சேரும்படி ரயில் பிரயாணத்துக்காக ஜெபிப்போம் என்று ஜெபக்குறிப்புக் கொடுத்தார். முந்நூறு பிள்ளைகள் கண்ணை மூடி ரயில்வேக்காக மன்றாடினார்கள். யூனிஸுக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் அவள் கே.ஆர். புரம் தாண்டி நின்றுவிட்ட ரயிலில் இருந்தாள்.

நீங்களே சொல்லுங்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் பேனா. அதை எடுத்து ஒரு கையெழுத்துப் போடுவது சுலபமா, தென்மேற்கு ரயில்வேயின் சிக்னலை வானத்திலிருந்து மாற்ற வைப்பது சுலபமா? படித்தவருக்கு இரண்டாவதுதான் சுலபமாகத் தெரிந்தது.

மார்ச் மாதத்தில், பரீட்சை எழுதத் தகுதி இல்லாதவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். யூனிஸ் பெயரும் இருந்தது. ஏதோ தவறு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஆபீசுக்குப் போனவளிடம், ஆபீஸ் உதவியாளர் மரியா, டீனிடமிருந்து எதுவும் வரவில்லையே என்றார். டீனிடம் ஓடினாள். அவர் அதே அன்போடு பார்த்தார். மறந்துவிடவில்லையம்மா, தினமும் உன்னை நினைக்கிறோம், இன்னும் பதில்தான் வரவில்லை என்றார். அப்போதுதான் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. சித்தி வீடு, சேப்பல், எல்லாவற்றுக்கும் காலம் தாண்டிவிட்டது. இனி எத்தனை ஆராதனைக்கு வந்தாலும் முக்கால் பங்கு வராது. ஜனவரியில் ஒரே ஒரு 'முடியாது' கிடைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

இந்த இடத்தில் ரயானை அறிமுகப்படுத்த வேண்டும். அவளுடைய வகுப்புத் தோழன், மாணவர் ஜெபக்குழுவின் தலைவன், டீனுடைய வாரிசு. வயது குறைவு என்பதால் பாஷை கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "ஐ நீட் டு சிட் வித் திஸ்" என்பான். இதோடு கொஞ்சம் உட்கார வேண்டுமாம். உட்காருவதைப் பற்றி எனக்குத் தெரியாததா? வாழ்நாளெல்லாம் ஜனங்களை உட்கார வைத்துப் பிழைத்தவன் சொல்கிறேன்; உட்கார்ந்த எவனும் அந்த நேரத்தில் வேலை செய்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் டீனிடம் திரண்டு போய்க் கேட்கலாம் என்று இரண்டு பிள்ளைகள் சொன்னார்களாம். ரயான் அதோடு உட்கார்ந்துவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு ஜெபச் சங்கிலி தொடங்கினான். மணிக்கு ஒருவர் வீதம் யூனிஸுக்காக ஜெபித்தார்கள். ஒருவர்கூட டீன் கதவைத் தட்டவில்லை.

தகுதியுள்ளவர்கள் பெயரை யுனிவர்சிட்டியின் வெப்சைட்டில் ஏற்றக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் பிரின்சிபால் அல்ல, யார் வந்தாலும் திறக்காது. அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் டீன் அறையில் யூனிஸுக்காக விசேஷ உபவாச ஜெபம் என்று கவுன்சில் உறுப்பினர்களுக்கும் செய்தி வந்தது. போனேன். ஜெபிக்க அல்ல, அந்த மனுஷனைப் பேனாவை எடுக்க வைக்க முடியுமா என்று பார்க்கப் போனேன்.

அறை நிறைய ஆள். ஆசிரியர்கள், ரயான், அவனுடைய குழு, நடுவில் யூனிஸ். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அடுத்த அறையில் மரியா இன்னொரு கம்ப்யூட்டரில் யூனிஸ் பெயரைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தார். நான் உட்காரவில்லை.

"டீன் சார், மொதல்ல கையெழுத்துப் போட்டுடுங்க. அப்புறம் விடிய விடிய ஜெபம் பண்ணலாம், நானும் கூட இருக்கேன்."

டீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரதர் தாஸ், நாம அவசரப்பட்டா அவரோட சித்தத்துக்குக் குறுக்க நிக்கிற மாதிரி ஆயிடும்."

எல்லாரும் தலை கவிழ்ந்தார்கள். ஜெபம் தொடங்கியது. டீன் நன்றாக ஜெபிப்பார், அதை மறைக்க மாட்டேன். குரல் ஏறும், இறங்கும், நடுவில் உடையும். படைப்பில் தொடங்கினார். தேசத்துக்கு வந்தார், தலைவர்களுக்கு வந்தார், கல்லூரியின் ஸ்தாபகர்களுக்கு வந்தார், வியாதியஸ்தர், விதவைகள், வழிப்போக்கர் என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் கண்ணைத் திறந்துகொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை தாண்டிவிட்டது. மரியா கதவைத் திறந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வந்து, "சார், நேரம் ஆவுது சார், யூனிஸ் பேரை ஏத்திடட்டுமா?" என்று காதோரம் கேட்டார். டீன் கண்ணைத் திறக்காமல், பொறு என்று ஒரு விரலை உயர்த்தினார். மரியா பொறுத்தார். சம்பளம் வாங்குகிறவர் வேறு என்ன செய்வார்?

நான் போய் டீனின் முழங்கையைத் தொட்டேன். கண்ணைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, அதே குரலில், "எங்கள் சகோதரர் தாஸின் பொறுமையற்ற இருதயத்துக்காகவும்" என்று என்னையும் அதில் சேர்த்துவிட்டார். ஆமென் என்றது அறை. ரயான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

கடைசியில் எல்லாரும் கண்ணைத் திறந்தபோது மரியா வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூடியாயிற்று.

அந்த நிமிஷம் டீனின் முகத்தை நான் கவனித்தேன். வருத்தம் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? சட்டைக்குள் புகுந்த எறும்பை வெளியே எடுத்துப் போட்டவனுடைய முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மூன்று மாதமாக அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி, அவர் கைபடாமலே முடிந்துவிட்டது. மெதுவாக எழுந்து யூனிஸ் தலையில் கை வைத்தார்.

"பதில் வந்துடுச்சும்மா. அவரே கதவ மூடிட்டாரு. இதுக்குள்ளயும் உனக்கு ஒரு நன்ம இருக்கும்."

யூனிஸ் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்து அந்தக் கையை விலக்கினாள்.

"சார், நான் அவரக் கேக்கல. உங்களக் கேட்டேன்."

யூனிஸ் பையை எடுத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அவள் போனபின், இதை நாம் எல்லாரும் ஆழமாக உணர வேண்டும் என்று ரயான் ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

ஜூன் வந்தது. அவளோடு படித்தவர்கள் கறுப்பு அங்கி போட்டு, என் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து டிகிரி வாங்கினார்கள். வைட்ஃபீல்ட் வேலை வேறு யாருக்கோ போயிற்று. யூனிஸ் அடுத்த பரீட்சையை ஜூனியர்களோடு எழுதக் காத்திருக்கிறாள். அதுவரை தங்கவயலில் அம்மாவின் தையல் மிஷினில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாள். டீனோ அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரமே சேப்பலில் சாட்சி சொல்லிவிட்டார். காத்திருத்தலின் மேன்மையைப் பற்றி. யார் காத்திருந்தார்கள், யாருக்கு மேன்மை என்று அவர் சொல்லவில்லை.

நான் விடுகிறவனா? கவுன்சிலில் எழுந்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொடுக்க அதிகாரம் இருந்தும் கொடுக்காமல், மறுக்கவும் துணிவில்லாமல் ஒரு பெண்ணின் வருஷத்தைத் தின்றவருக்கு அந்த நாற்காலி எதற்கு, வேறு ஆளைப் போடுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே கை தூக்குங்கள் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிகவும் பாரமான விஷயம் என்றார். பிரதர் தாஸின் ஆதங்கத்தை மதிக்கிறோம் என்றார். இதை அவசரத்தில் தீர்மானிக்கக் கூடாது என்றார். நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். என் கையை எண்ண ஆள் இல்லை. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

அந்த வாரமே கவுன்சிலை விட்டு விலகினேன். நான் எடுத்த எந்த முடிவுக்கும் இதைவிட அதிக நேரம் ஆனதில்லை.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். இது சேப்பல்காரர்கள் சமாசாரம், நான் அந்தப் பக்கமே போகிறவன் இல்லை என்று நழுவப் பார்க்கிறீர்கள். ஐயா, இந்த இனத்துக்கு மதம் கிடையாது. மல்லேஸ்வரத்தில் இவர் காபி டம்ளரைக் கீழே வைக்காமல் நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்பார். ஐ.டி. ஆபீசில் டீமோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பார். கட்சி ஆபீசில் மேலிடத்தில் சொல்லியிருக்கிறேன் என்பார். கடவுளே இல்லை என்று மேடையில் முழங்குகிறவர், கீழே இறங்கியதும் கமிட்டி போட்டிருக்கிறோம் என்பார். வீட்டில் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பவருக்கு அம்மாவே இருக்கமாட்டார்.

நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் போனை எடுங்கள். போன வாரமோ போன மாதமோ யாரோ ஒருவர் உங்களிடம் ஏதோ கேட்டிருப்பார்: மகனுக்கு ஒரு சிபாரிசு, வாடகைக்கு ஓர் இடம், பெண் பார்த்துவிட்டுப் போனதற்கு ஒரு பதில். அதற்குக் கீழே நீங்கள் என்ன அனுப்பியிருக்கிறீர்கள்? இரண்டு கை கூப்பிய அந்த மஞ்சள் பொம்மைதானே? உங்களுக்கு அது ஒன்றுமே இல்லை. விரல் பட்டது, போயிற்று. வாங்கியவர் அதைச் சரி என்று படித்துவிட்டு, வீட்டில் எல்லாருக்கும் காட்டிவிட்டு, வேறு இடத்தில் கேட்பதையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முடியும் என்றால் முடியும் என்று அடியுங்கள். முடியாது என்றால் முடியாது என்று அடியுங்கள். இரண்டுமே சின்ன வார்த்தைதான். இப்போதே அடியுங்கள், பார்க்கிறேன்.

என்ன, சாயங்காலம் நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்கிறீர்களா?